எம்ஜிபி முன் சஸ்பென்ஷன்: கீழ் விஷ்போன் புஷ்ஷை வீட்டிலேயே மாற்றுவது

அரை_அங்குலம்:
1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்), வயர் வீல். மணிக்கு 60 மைல் தாண்டினால் வண்டி நேராகப் போக மறுக்கிறது. பிரேக் மிதித்தால் முன்னால் 'டொக்'. கீழ் விஷ்போனின் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ் ஆர்மின்) உட்பக்க மூட்டு ரப்பர், அதாவது புஷ், ஒரு பக்கம் பிதுங்கி, தின்று துப்பிய பாக்கு மாதிரி இருக்கிறது. வீட்டு வாசலில் வைத்தே மாற்றலாமா? குழி, லிஃப்ட் எதுவும் கிடையாது. ட்ராலி ஜாக்கி ஒன்று, ஸ்டாண்டு இரண்டு, பெஞ்ச் வைஸ் ஒன்று உண்டு.

மூன்று கேள்வி. எந்த புஷ் வாங்குவது? ஸ்பிரிங்கை எப்படி ஆபத்தில்லாமல் இறக்குவது? ஒரு பக்கம் மட்டும் செய்தால் போதுமா?

அபிங்டன்74:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போதாது. ஒரு பக்கம் புது ரப்பர், மறுபக்கம் நைந்த ரப்பர் என்றால் பிரேக் போடும்போது இரண்டு சக்கரமும் வேறு வேறு அளவு பின்னால் நகரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் செய்யுங்கள். ஆனால் ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். எது எப்படி இருந்தது என்று பார்க்க மறுபக்கம் அப்படியே நிற்கும்.

வாங்குவதற்கு முன்னால், குற்றவாளி புஷ் மட்டும்தானா என்று பாருங்கள். இந்த வண்டியில் அதே 'டொக்' வர நாலு இடம் உண்டு.

முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் (12 மணி, 6 மணி) பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் செங்குத்து அச்சு), அல்லது அடி ட்ரனியன் (கிங்பின்னின் அடிமுனையைக் கீழ் ஆர்மோடு சேர்க்கும் மூட்டு). கிங்பின்னைச் சோதிக்கும் முன் பக்கத்துக்கு மூன்று என்று இருக்கிற கிரீஸ் நிப்பிள்களிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடித்துவிடுங்கள்.

அடுத்தது டாம்பர் (ஷாக் அப்சார்பர்). எம்ஜிபியில் மேல் ஆர்ம் என்று தனியாக ஒன்று கிடையாது, லீவர் டாம்பரின் கையே மேல் ஆர்ம். அந்த ஷாஃப்டின் பேரிங் தேய்ந்தால் சக்கரத்தின் மேல் முனை உள்ளும் புறமும் ஆடும். பலர் நாலு புஷ்ஷையும் மாற்றிவிட்டு 'டொக்' போகவில்லை என்று திகைப்பது இதனால்தான். டாம்பர் கையைக் கையாலேயே முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஷாஃப்ட் ஓரத்தில் எண்ணெய் ஈரம் தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள்.

கடைசியாகத்தான் கீழ் புஷ். கிராஸ் மெம்பருக்கும் (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) ஆர்முக்கும் நடுவில் நெம்புகோலை விட்டு மெதுவாக நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் அசையத்தான் வேண்டும். உலோகம் உலோகத்தைத் தொட்டாலோ, ஆர்ம் பிவட்டை (அது ஏறி இறங்கும் அச்சை) விட்டு ஒரு பக்கமாக இறங்கி நின்றாலோ அது போய்விட்டது. நீங்கள் சொல்லும் பாக்கு நிலைக்கு நெம்பிப் பார்க்கவே தேவையில்லை.

கிரீஸ்_கை:
எந்த புஷ் என்பதற்கு: வி8 புஷ், பாகம் எண் பிஎச்எச் 1123. மொத்த வண்டிக்கு 4.

காரணம். சாதாரண எம்ஜிபியில் வந்தது இரண்டு பாதியாக வரும் வெறும் ரப்பர். ஒவ்வொரு ஆர்மிலும் உள்ளிருந்து ஒன்று, வெளியிலிருந்து ஒன்று என்று செருகுவார்கள், ஆக வண்டிக்கு 8 பாதி. உள்ளே உருக்குக் குழாய் கிடையாது, ரப்பர் நேரே பிவட் ஷாஃப்டின் மேல் உட்காரும். கொஞ்சம் தளர்ந்ததும் ரப்பர் முறுக்கிக் கொடுப்பதற்குப் பதில் ஷாஃப்டின் மேல் தேய ஆரம்பிக்கும். மேலே இருந்து சொட்டும் இன்ஜின் ஆயிலில் ஊறினால் இன்னும் சீக்கிரம் கூழாகும். (எம்ஜிபியில் ஆயில் சொட்டவில்லை என்றால் ஆயில் இல்லை என்று அர்த்தம்.)

1973 முதல் 1976 வரை வந்த எம்ஜிபி ஜிடி வி8 (எட்டு சிலிண்டர்) வண்டிக்குப் போட்ட புஷ் வேறு வகை. உள்ளே ஒரு உருக்குக் குழாய், வெளியே ஒரு உருக்கு உறை, நடுவில் இரண்டோடும் ஒட்டவைத்த ரப்பர். உள்குழாயை நட்டு இறுக்கிப் பிடித்துவிடும். வெளி உறை ஆர்மின் கண்ணில் (புஷ் உட்காரும் வட்ட ஓட்டையில்) இறுகி நிற்கும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் மட்டுமே முறுக்கிக் கொடுக்கும், எதுவும் எதன்மேலும் தேயாது. நாலு சிலிண்டர் வண்டியின் ஆர்மிலும் அப்படியே போகும்.

ரோஸ்டைல்:
பாலியூரித்தேன் என்ன பாவம் செய்தது? பிரஸ் தேவையில்லை, கையாலேயே போய்விடும். ஆயிலும் தின்னாது. வாசலில் வேலை செய்பவருக்கு அதுதானே வசதி?

கிரீஸ்_கை:
வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பாலி முறுக்கிக் கொடுக்காது, குழாயின் மேல் சுழலும். சுழல கிரீஸ் வேண்டும். கூடவே வரும் சிலிக்கான் கிரீஸைக் கஞ்சத்தனம் பார்க்காமல் பூசாவிட்டால் ஆறு மாதத்தில் பழைய கட்டில் மாதிரி கிறீச்சிடும். அதோடு சில செட்டுகளில் விளிம்பு தடிமனாக இருக்கும். அப்போது இரண்டு ஆர்மும் விரிந்து நின்று, ஸ்பிரிங் பானின் (ஸ்பிரிங்கைக் கீழிருந்து தாங்கும் தட்டு) ஓட்டையோடு ஆர்மின் ஓட்டை ஒத்துவராது. ஆட்கள் நெம்புகோலை விட்டு இழுத்துப் போல்ட்டைப் போட்டுவிடுகிறார்கள். ஆர்ம் எப்போதும் பக்கவாட்டு அழுத்தத்திலேயே இருக்கும், அடி ட்ரனியனும் இறுகும். பாலி போட்டால் விளிம்பை உரசிச் சரிசெய்யத் தயாராக இருங்கள்.

ரேஸ் ட்ராக்குக்குப் பாலி சரி. சாலையில் ஓடும் வண்டிக்கு என் ஓட்டு வி8.

தென்லண்டன்_துரு:
வி8 புஷ் என்ற பெயரில் கடையில் கிடைப்பது எல்லாம் ஒரே தரம் இல்லை. வாங்கியதும் உள்குழாயைக் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். ரப்பர் உறையை விட்டுப் பிரிந்து வழுக்கினால் திருப்பி அனுப்புங்கள். ஓரத்தில் நகத்தை வைத்துச் சுற்றினாலே ஒட்டாத இடம் தெரிந்துவிடும்.

புஷ்ஷோடு சேர்த்து இதையும் ஆர்டர் செய்யுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஸ்டாண்டில் நின்றபடி தபாலுக்குக் காத்திருக்கும்: மேல் ட்ரனியன் (கிங்பின்னின் மேல்முனையை டாம்பர் கையோடு சேர்க்கும் மூட்டு) ரப்பர் பக்கத்துக்கு 2, மொத்தம் 4. அடி ட்ரனியன் போல்ட், டிஸ்டன்ஸ் ட்யூப் (அந்தப் போல்ட்டைச் சுற்றி நிற்கும் குழாய்), த்ரஸ்ட் வாஷர், சீல் இரண்டு பக்கத்துக்கும். ஸ்பிரிங் பான் போல்ட்டும் நட்டும் புதுசு. ஸ்பிளிட் பின் ஒரு கைப்பிடி.

சாவி எல்லாம் ஏஎஃப் அளவு (நட்டின் எதிரெதிர் முகங்களுக்கு நடுவே அங்குலத்தில் அளப்பது). மெட்ரிக் ஸ்பேனரை 'கிட்டத்தட்ட சரி' என்று போட்டு நட்டின் மூலையை உருட்டிவிடாதீர்கள்.

அரை_அங்குலம்:
நன்றி. ஸ்பிரிங் விஷயம்தான் பயமாக இருக்கிறது. உள்ளே கம்பிரஸர் போட முடியாது என்கிறார்களே?

அபிங்டன்74:
பயம் இருக்கட்டும், அது நல்லது. கணக்கைப் பாருங்கள்: ரோட்ஸ்டரின் முன் ஸ்பிரிங் தனியாக இருக்கும்போது 9.9 அங்குலம். வண்டியில் நிற்கும்போது 7 அங்குலம். அதற்கு வேண்டிய சுமை 1,030 பவுண்டு, அதாவது சுமார் 467 கிலோ. சக்கரத்தைத் தொங்கவிட்டால் இது குறையும், ஆனால் தீராது. டாம்பர் கை அடியில் உள்ள ரீபவுண்டு ரப்பரில் உட்கார்ந்து மிச்ச அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். மேல் ட்ரனியன் பின்னை அப்படியே உருவினால் அந்த மிச்சம் உங்கள் பக்கம் வரும்.

சாதாரண வெளிக் கொக்கி கம்பிரஸருக்கு அங்கே இடம் போதாது. ஜாக்கியே கம்பிரஸர். செய்யும் முறை:

வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஒரு டேப் எடுங்கள். ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்பு வரை செங்குத்தாக அளந்து, இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுதிவையுங்கள். இந்த எண் கடைசியில் தேவைப்படும், மறக்காதீர்கள். வயர் வீல் ஸ்பின்னரை (சக்கரத்தின் நடு நட்டை) தரையில் நிற்கும்போதே செம்புச் சுத்தியலால் தளர்த்துங்கள்.

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஹேண்டு பிரேக். முன்பக்கத்தைத் தூக்கி, கிராஸ் மெம்பருக்குச் சற்றுப் பின்னால் சேஸிஸ் ரெயிலின் கீழ் மரப்பலகை வைத்து ஸ்டாண்டு கொடுங்கள். தளத் தகட்டின் கீழ் கொடுத்தால் தகடு உள்ளே போகும். ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் வண்டியைப் பலமாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் அடியில் இல்லாதபோது விழட்டும்.

சக்கரத்தைக் கழற்றுங்கள். ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இருந்தால் அதன் லிங்கை ஆர்மிலிருந்து கழற்றி விடுங்கள். லாக் டேபை மடக்கி பிரேக் கேலிப்பரின் இரண்டு போல்ட்டையும் எடுத்து, கேலிப்பரைக் கம்பியால் மேலே கட்டுங்கள். ஹோஸில் தொங்கவிடக் கூடாது. ட்ராக் ராடு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) எண்டையும் பிரித்துவிட்டால் பிறகு ஹப் தாராளமாகச் சாயும்.

இப்போது ஜாக்கியை ஸ்பிரிங் பானின் நடுவில், மரக்கட்டை வைத்து, டாம்பர் கை ரீபவுண்டு ரப்பரை விட்டு ஒரு விரல் எழும்பும்வரை ஏற்றுங்கள். பாடி ஸ்டாண்டை விட்டுக் கிளம்பக் கூடாது. ஒரு சங்கிலியை ஸ்பிரிங்குக்குள் விட்டு கிராஸ் மெம்பரைச் சுற்றித் தளர்வாகப் பூட்டுங்கள். மேல் ட்ரனியன் பின்னின் ஸ்பிளிட் பின்னையும் நட்டையும் எடுத்து, டாம்பர் கையின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் பின் வெளியே வரும். ஹப்பை ஒரு கையால் வெளிப்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஜாக்கியை மயிரளவு மயிரளவாக இறக்குங்கள்.

ஆர்ம் வட்டமாக இறங்கும், நேராக அல்ல. அதனால் ஜாக்கியின் சக்கரம் உருள இடம் வேண்டும். மண், சரளைக்கல் மேல் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஜாக்கி உருளாமல் நின்றால் பான் அதன் தலையிலிருந்து வழுக்கும். ஸ்பிரிங்கின் முன்னே முகத்தையோ முழங்காலையோ வைக்க வேண்டாம். முழுசாக இறங்கியதும் ஸ்பிரிங் தளர்ந்து, கையாலேயே உருவிவிடலாம்.

ரோஸ்டைல்:
இன்னொரு வழியும் உண்டு. பானைப் பிடிக்கும் நாலு போல்ட்டில் எதிரெதிர் மூலை இரண்டை எடுத்துவிட்டு நீளமான மரை ராடு போட்டு நட்டு கொடுங்கள். மற்ற இரண்டையும் எடுத்தபின் ராடுகளை மாற்றி மாற்றி இரண்டிரண்டு சுற்று தளர்த்தினால் பான் நேராக இறங்கும். ட்ரனியனைத் தொடவே வேண்டாம். ஜாக்கி சட்டென்று இறங்கும் ரகமாக இருந்தால் இதுவே மேல். ராடு உயர் இழுவிசை ரகமாக இருக்கட்டும், மரைக்கு கிரீஸ் பூசுங்கள். ஹார்டுவேர் கடையின் மெல்லிய மரை ராடு பாதியில் இழுபட்டுப் போகும்.

அபிங்டன்74:
ஒத்துக்கொள்கிறேன். மேல் ட்ரனியன் ரப்பரும் மாற்றப் போகிறவருக்கு எப்படியும் பின்னை எடுக்க வேண்டும் என்பதால் ஜாக்கி வழியைச் சொன்னேன்.

சுன்னாகம்_ஸ்பேனர்:
அண்ணை, எல்லாரும் ஸ்பிரிங்குக்குத்தான் பயப்பிடுறியள். உண்மையில நேரம் போறது அடி ட்ரனியன் போல்ட்டிலதான். ஆர்மைப் பிவட்டில இருந்து உருவ வேணுமெண்டால் வெளி முனையில உள்ள அந்தப் போல்ட் வெளிய வரவேணும். அது உள்ளுக்குள்ள இருக்கிற டிஸ்டன்ஸ் ட்யூப்போட துருப்பிடிச்சு ஒண்டாகிப் போய்க் கிடக்கும். நட்டு வடிவாக் கழரும், போல்ட் அசையாது.

சுத்தியலால மரையில அடியாதேங்கோ. நசிஞ்சால் பிறகு ஒண்டும் செய்ய ஏலாது. நட்டைப் போல்ட் முனையோட சமமா வைச்சிட்டு அதில அடிச்சுப் பாருங்கோ. துரு இளக்கிற எண்ணெயை வேலைக்கு மூண்டு நாலு நாள் முன்னமே பின்னேரத்தில தினமும் அடிச்சு வையுங்கோ. தலையில ஸ்பேனரைப் போட்டு முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பிப் பாருங்கோ. சுத்தினாலும் வெளிய வராட்டில், அது ட்யூப்போட சேந்து சுத்துது எண்டு அர்த்தம்.

அப்பிடியெண்டால் மல்லுக்கட்டாமல் வெட்டுங்கோ. ஆர்முக்கும் ட்ரனியனுக்கும் இடையில சீல் இருக்கிற மெல்லிய இடைவெளியால ஆக்ஸா பிளேட்டை விட்டு இரண்டு பக்கமும் அறுக்கலாம். மின்சார வாள் இருந்தால் பக்கத்துக்கு அஞ்சு நிமிஷம். கிங்பின் முகத்தைக் கீறாமல் ஆர்ம் பக்கமா சாய்ச்சு அறுங்கோ. புதுப் போல்ட்டும் ட்யூப்பும் முதலே வாங்கி வைக்கச் சொன்னது இதுக்குத்தான்.

தீ மூட்டிச் சூடாக்க வேண்டாம். பக்கத்தில கிரீஸ், ரப்பர், பிரேக் ஹோஸ் எல்லாம் இருக்கு.

அரை_அங்குலம்:
ஒரு பக்கத்து ஆர்ம் இரண்டும் வெளியே வந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். வி8 புஷ்ஷை வைஸிலேயே ஏற்ற முடியுமா? ஃப்ரீஸரில் வைத்தால் சுருங்கும் என்கிறார்கள்.

கிரீஸ்_கை:
முடியும். முதலில் ஆர்மைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். போல்ட் ஓட்டை முட்டையாகியிருந்தாலோ, கண் தகட்டோடு சேரும் இடத்தில் மயிர் விரிசல் தெரிந்தாலோ அதற்கு புஷ் போடுவது வீண், ஆர்மையே மாற்றுங்கள். இங்கிலாந்தில் 40 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து வருடாந்தர எம்ஓடி சோதனை (வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்று பார்ப்பது) கட்டாயம் இல்லை. அதனால் இந்த விரிசலை வேறு யாரும் பார்த்துச் சொல்லப் போவதில்லை.

பழையது சாதா ரப்பராக இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினாலே வந்துவிடும். ஏற்கெனவே யாரோ வி8 போட்டிருந்தால் வெளி உறை கண்ணுக்குள்ளேயே நிற்கும். ரப்பரை டிரில் போட்டுக் கிழித்து உள்குழாயை எடுங்கள். ஆக்ஸா பிளேட்டைக் கழற்றி, கண்ணுக்குள் விட்டு மறுபடி மாட்டி, உறையை நீளவாக்கில் அறுங்கள். முழுசாக அறுக்காதீர்கள். காகிதத் தடிமன் மிச்சம் இருக்கும்போது நிறுத்தி மெல்லிய உளியால் உள்நோக்கி மடக்கினால் உறை தளர்ந்து விழும். கண்ணின் சுவரில் பிளேட்டுக் கோடு விழுந்தால் பிற்பாடு விரிசல் அங்கேதான் தொடங்கும்.

கண்ணை எமரி பேப்பரால் துருவில்லாமல் துடைத்து, நுழைவு விளிம்பின் பிசிரை அரத்தால் லேசாக எடுங்கள்.

ஃப்ரீஸர்: 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருக்கு 40 டிகிரி குளிர்ந்தால் சுருங்குவது 0.017 மில்லிமீட்டர்தான். வைத்தால் கெடுதல் இல்லை, அதை நம்பி உட்காரவும் வேண்டாம். வெளியே எடுத்ததும் பனி ஈரம் படியும், அது துரு. கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போதும்.

வைஸில் இரண்டு சாக்கெட் வேண்டும். ஒன்று புஷ்ஷின் வெளி உறையை மட்டும் தள்ளும் அளவு, உள்குழாயையோ ரப்பரையோ தள்ளினால் ஒட்டு பிரியும். மறுபக்கம் புஷ் வெளியே வர வழிவிடும் பெரிய சாக்கெட் அல்லது குழாய்த் துண்டு. அது ஆர்மின் கண்ணைத்தான் தாங்க வேண்டும். தகட்டுப் பகுதியில் தாங்கினால் ஆர்ம் வளையும். முதல் 3 மில்லிமீட்டர் போனதும் நிறுத்தி, நாலு பக்கமும் கண்ணால் பாருங்கள். சாய்ந்திருந்தால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். சாய்வாகப் போன புஷ் கண்ணிலிருந்து உலோகச் சுருளைச் சீவி எடுக்கும். 'அடுத்த சுற்றில் நேராகிவிடும்' என்பது நடக்கவே நடக்காது. வைஸ் சின்னதாக இருந்தால் 12 மில்லிமீட்டர் தடிப்பான போல்ட், பெரிய வாஷர்கள், நட்டு, இவையே பிரஸ்.

புஷ் இரண்டு பக்கமும் சமமாக நீட்டிக்கொண்டிருக்கும்படி நடுவில் நிறுத்துங்கள். வெர்னியர் காலிப்பரால் அளந்தால் நல்லது. இல்லாவிட்டால் இரண்டு ஆர்முக்கும் உள்ள இடைவெளி மாறி, மேலே சொன்ன பான் ஓட்டைத் தகராறு இங்கேயும் வரும்.

தென்லண்டன்_துரு:
புஷ் கையாலேயே நுழைந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். கண் தேய்ந்து விரிந்திருக்கிறது. பசை போட்டு ஒட்டலாம் என்பார்கள். உறை கண்ணுக்குள் சுழல ஆரம்பித்தால் ரப்பருக்கு வேலையே இல்லை, வி8 போட்ட காசு தண்டம். வேறு ஆர்ம் தேடுங்கள்.

சுன்னாகம்_ஸ்பேனர்:
பிவட் ஷாஃப்டையும் ஒருக்கா தடவிப் பாருங்கோ. சாதா ரப்பர் தேஞ்ச இடத்தில பள்ளம் விழுந்திருக்கும். நகம் சிக்கிற அளவெண்டால் மாத்துங்கோ. லேசான துரு எண்டால் எமரியால தேய்ச்சு, செம்புக் கிரீஸ் மெல்லிசாப் பூசுங்கோ. அடுத்த முறை உள்குழாய் ஷாஃப்டோட ஒட்டிப்போகாது. மரையில மட்டும் பூச வேண்டாம். கிரீஸ் பட்ட மரையில அதே டார்க்குக்கு (இறுக்கிற முறுக்கு விசைக்கு) நட்டு கூட இறுகிப்போகும்.

அரை_அங்குலம்:
திரும்ப மாட்டும் வரிசை என்ன? எல்லாவற்றையும் கீழேயே இறுக்கிவிட்டு மேலே ஏற்றலாமா?

அபிங்டன்74:
கூடாது. இந்த இழையில் ஒன்றே ஒன்று மனதில் நிற்கட்டும் என்றால் அது இதுதான்: பிவட் நட்டு கடைசி, அதுவும் வண்டி தரையில் நிற்கும் உயரத்தில்.

காரணத்தைக் கையாலேயே பார்க்கலாம். புஷ் ஏற்றிய ஆர்மைப் பிவட்டில் போட்டு, ஆர்ம் கீழே தொங்கும்போது நட்டை இறுக்குங்கள். இப்போது ஆர்மைக் கிடைமட்டத்துக்குத் தூக்குங்கள். கனமாக எதிர்க்கும், விட்டால் கீழே திரும்பும். வண்டியை இறக்கியதும் ரப்பர் அந்த முறுக்கிலேயே நாள் முழுக்க நிற்கும். பள்ளத்தில் விழும்போது அதற்கு மேலும் முறுக்கும். ஒட்டு கிழிய மாதக்கணக்கே போதும், கிழிந்தபின் 'போலி புஷ்' என்று கடைக்காரருக்குத் திட்டு விழும். முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்து நிற்பதும் இதனால்தான், 'புது ரப்பர் இல்லையா, இறங்கிவிடும்' என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். நடுநிலையில் இறுக்கினால் மேலே போனாலும் கீழே வந்தாலும் முறுக்கு பாதிப்பாதியாகப் பிரிந்துவிடும்.

இது வி8 புஷ்ஷுக்கும் சாதா ரப்பருக்கும் பொருந்தும். பாலிக்கு வேண்டாம், அது சுழலும் ரகம்.

வரிசை: இரண்டு ஆர்மையும் பிவட்டில் போட்டு நட்டைக் கைவிரல் இறுக்கத்தில் விடுங்கள். அடி ட்ரனியனை ட்யூப், த்ரஸ்ட் வாஷர், சீலோடு ஆர்முகளுக்கு நடுவில் வைத்துப் போல்ட் போடுங்கள். பான் போல்ட் நாலையும் தளர்வாகப் போடுங்கள். ஓட்டைகள் தாமாக ஒத்துவர வேண்டும். வராவிட்டால் புஷ் நடுவில் இல்லை, அல்லது ஆர்ம் வளைந்திருக்கிறது. ஒத்துவந்தால் அடி ட்ரனியன் போல்ட்டையும் பான் போல்ட்டுகளையும் இறுக்குங்கள்.

இறுக்கியபின் கிங்பின் அடிப்பகுதி ட்யூப்பின்மேல் தாராளமாக ஆடவேண்டும். முன்பின் இடைவெளி 0.008 முதல் 0.013 அங்குலம், அதாவது 0.2 முதல் 0.33 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜால் பாருங்கள். இறுகிப் பிடித்தால் த்ரஸ்ட் வாஷர் தடிமன் தவறு, அல்லது சீல் மடங்கி உள்ளே மாட்டியிருக்கிறது. முக்கால்வாசி நேரம் சீல்தான்.

பிறகு ஸ்பிரிங், ஜாக்கி, சங்கிலி, மேல் ட்ரனியன். ரப்பரை கிரீஸில் முக்காதீர்கள், சோப்புத் தண்ணீர் போதும். டாம்பரின் கையைப் பிடிக்கும் போல்ட்டை மறக்காமல் இறுக்குங்கள். டாம்பரையே கழற்றியிருந்தால் அதன் போல்ட்டுகள் 43 முதல் 45 பவுண்டு-அடி (58 முதல் 61 நியூட்டன் மீட்டர்), கேலிப்பர் போல்ட்டுகள் 40 முதல் 45 (54 முதல் 61).

ரோஸ்டைல்:
தரை உயரத்தில் இறுக்கு என்கிறீர்கள். குழி இல்லாதவர் அடியில் எப்படிப் போவார்? எம்ஜிபி தரையோடு தரையாக அல்லவா உட்காரும்.

அபிங்டன்74:
முதலில் எழுதி வைக்கச் சொன்ன எண் இதற்குத்தான். வண்டி ஸ்டாண்டிலேயே இருக்கட்டும், சக்கரம் வேண்டாம், ஆன்டி ரோல் பார் லிங்க் கழன்றே இருக்கட்டும். ஸ்பிரிங் பானின் கீழ் ஜாக்கி கொடுத்து, ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புக்கு அதே அளவு வரும்வரை ஏற்றுங்கள். இன்ஜின் உள்ளே இருக்கும்போது பாடி ஸ்டாண்டை விட்டுக் கிளம்பப் பார்க்கும் தருணமும் ஏறத்தாழ அந்த அளவுதான், ஏனென்றால் அந்த மூலையின் முழுச் சுமையும் அப்போது ஸ்பிரிங்கில் இருக்கும். பாடி கிளம்ப விடாமல் அங்கே நிறுத்தி, இரண்டு பிவட் நட்டையும் இறுக்குங்கள். ஆர்மின் முன்முனையிலும் பின்முனையிலும் இருக்கிற நட்டுகள், ஸ்பேனர் போக இடம் உண்டு.

பழைய ஸ்பிரிங் தளர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து நின்றிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். ஸ்பிரிங்கும் மாற்றினால் வண்டியைத் தரையில் இறக்கி, உருட்டி, புதிதாக அளந்துகொள்ளுங்கள். 1974 இலையுதிர் காலத்துக்குப் பின் வந்த ரப்பர் பம்பர் வண்டிகள் உயரமானவை, இணையத்தில் யாரோ சொன்ன எண்ணை எடுத்து அதற்குப் போடாதீர்கள்.

தென்லண்டன்_துரு:
நட்டில் ஸ்பிளிட் பின் ஓட்டை ஒத்துவராவிட்டால் முன்னோக்கித்தான் இறுக்கி அடுத்த வெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பின்னோக்கித் தளர்த்தினால் உள்குழாய் பிடிப்பில்லாமல் ஷாஃப்டில் சுழலும். முன்னோக்கியும் போகவில்லை என்றால் வாஷரைக் கழற்றி எமரியில் லேசாகத் தேய்த்து மெல்லிசாக்குங்கள். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள், மிச்சமாவது ஐந்து பைசாதான்.

அரை_அங்குலம்:
கடைசியாக ஒன்று. முடித்தபின் அலைன்மென்ட் கடைக்குப் போகணுமா?

கிரீஸ்_கை:
இந்த வண்டியில் கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு), காஸ்டர் (திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) இரண்டையும் திருத்த வழியே கிடையாது, தொழிற்சாலையில் வைத்ததுதான். மாற்ற முடிந்தது டோ-இன் (முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி ஒடுங்கும் அளவு) மட்டும்: 1/16 முதல் 3/32 அங்குலம் உள்நோக்கி, 1.6 முதல் 2.4 மில்லிமீட்டர். புது புஷ் ஆர்மின் இடத்தைச் சற்று மாற்றும், ட்ராக் ராடையும் கழற்றியிருக்கிறீர்கள், எனவே பார்த்தே ஆக வேண்டும்.

வீட்டிலேயே செய்யலாம். முதலில் வண்டியை உருட்டி முன்னும் பின்னும் பத்தடி போய் வாருங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் சக்கரங்கள் உள்நோக்கி இழுபட்டு நிற்கும், அப்போது எடுத்த அளவு பொய். பிறகு ஒவ்வொரு டயரின் நடுவிலும் முன்பக்கம் ஹப் உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளங்கள். வண்டியை முன்னே உருட்டி அதே கோடுகள் பின்பக்கம் ஹப் உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளங்கள். பின்னளவிலிருந்து முன்னளவைக் கழித்தால் டோ-இன். அதே கோட்டையே இரண்டு முறையும் அளப்பதால் ரிம் கோணலாக இருந்தாலும் கணக்கு கெடாது. வயர் வீலுக்கு இது முக்கியம், கோணல் இல்லாத வயர் வீல் அபூர்வம். திருத்தம் இரண்டு ட்ராக் ராடிலும் சம அளவு இருக்கட்டும். ஒன்றை மட்டும் திருப்பினால் ஸ்டியரிங் சக்கரம் கோணலாக நிற்கும்.

சுன்னாகம்_ஸ்பேனர்:
நூறு மைல் ஓடினாப் பிறகு பான் போல்ட், லிங்க், ஸ்பின்னர் எல்லாத்தையும் ஒருக்கா பாத்து இறுக்குங்கோ. மற்றப் பக்கம் இன்னும் செய்யேல்லையெண்டால் அதுவரைக்கும் வண்டியை ரோட்டுக்கு எடுக்காதேங்கோ. ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்வு எண்டால் மழைக்க பிரேக் பிடிக்கேக்க எந்தப் பக்கம் திரும்பும் எண்டு சொல்ல ஏலாது.

அரை_அங்குலம்:
சரி. பாகங்களை ஆர்டர் போட்டாயிற்று, அடி ட்ரனியன் போல்ட்டுக்கு இன்று மாலையிலிருந்தே எண்ணெய் அடிக்கத் தொடங்குகிறேன். ஹப் நடுவிலிருந்து மட்கார்டுக்கு இடதைவிட வலது 9 மில்லிமீட்டர் குறைவாக இருக்கிறது.

அபிங்டன்74:
அப்படியானால் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்ததும் நிறுத்தி உயரம் அளந்து எழுதி, இரண்டு எண்ணையும் ஒப்பிடுங்கள். வலது குட்டையாக இருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றிவிட்டு, பிவட் நட்டுகளைப் புது உயரத்தில் இறுக்குங்கள். இரண்டும் ஒரே உயரம் என்றால் ஸ்பிரிங் பானின் துருவையும், கிராஸ் மெம்பர் மேலே சேஸிஸோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் பேடையும் பாருங்கள்.